கதவைத் தட்டுகிறவருக்குப் பயிற்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆய்வு பற்றிய செய்திகளில் மருத்துவர் வருகிறார், நிறுவனம் வருகிறது, சில சமயம் அமைச்சரும் வருகிறார். வெயிலில் தெருத்தெருவாகப் போய், "அக்கா, ஒரு ஆய்வு விஷயமா வந்திருக்கோம், கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்ட கள உதவியாளர் மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் அவர் அதே ஊர்ப் பெண். சுய உதவிக் குழுவில் இருப்பவராகவோ, அங்கன்வாடிப் பணியாளராகவோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவராகவோ இருப்பார். பிளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாத வேலைக்கு வந்த இளம்பெண்ணாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய், குழந்தைகளின் எடை, குடும்ப வன்முறை என எதைப் பற்றிய ஆய்வானாலும் மக்களிடம் முதலில் பேசுவது இவர்தான். ஆய்வு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த ஊரிலேயே இருந்து மக்களுக்குப் பதில் சொல்வதும் இவர்தான்.

இவருக்கு இன்று கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் படிவத்தை நிரப்பவும் டேப்லட்டை இயக்கவும் கற்றுக்கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆய்வு நெறிமுறை என்று தனியாக ஏதாவது இருந்தால், அது ஆங்கிலத்தில் உள்ள ஓர் இணையப் பாடமாக இருக்கும். மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்ல, இவர் பொத்தானை அழுத்துவார். சான்றிதழ் வந்துவிடும், கோப்பிலும் சேர்ந்துவிடும். மறுநாள் காலை அந்தச் சான்றிதழோடு இவர் போய் நிற்கும் வாசலில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விதிகளுக்குக் குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் 2019இல் வந்தன. ஒவ்வோர் ஆய்வையும் முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவரும் மருத்துவத் துறை சாராத சாதாரணக் குடிமகனும் அதில் இடம்பெற வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. குழு உறுப்பினர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் உண்டு. அவர்கள் தமிழ் ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துத் திருத்துகிறார்கள். ஆனால் அந்தப் படிவம் திண்ணையில் எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் கேட்பவர் யாரும் இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்காக 2009இல் அன்றைய ஆந்திரத்தின் (இன்று தெலங்கானா) கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுள்ள சிறுமிகளிடம் ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சிறுமிகள் சிலர் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணையில் சொல்லப்பட்டது. ஊசியின் மீது எங்களுக்கும் குறை இல்லை. குறை ஒப்புதல் வாங்கிய விதத்தில் இருந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1,948இல் கைநாட்டு இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காப்பாளர்கள் யாரும் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். "இத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும்" என்று மேலிருந்து வந்த சொல்லையும், பெற்றோர் தொலைதூரத்தில் இருப்பதையும் பார்த்து, தெரிந்த வழியில் வேலையை முடித்திருப்பார்கள். பெற்றோரின் இடத்தில் தாம் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் ஏன் கூடாது என்பதும் அவர்கள் மனத்தில் பதியும்படி யாராவது சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இன்னொரு உதாரணம் தொலைதூரத்தில் நடந்தது. அதை எல்லாப் பயிற்சிகளிலும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரை மையமாக வைத்து 1932 முதல் 1972 வரை நடந்த மேகநோய் ஆய்வில் 399 கறுப்பின ஆண்களுக்கு நோய் இருந்தது. ஒப்பீட்டுக்காக நோயில்லாத 201 பேரைச் சேர்த்திருந்தார்கள். 1940களிலேயே அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்துவிட்டது. நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது பலருக்குத் தெரிந்த கதை. அத்தனை ஆண்டுகள் அந்த மனிதர்கள் ஏன் விட்டுப் போகவில்லை என்ற கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார், குடும்பத்தை விசாரித்தார், இறுதிச் சடங்குக்குப் பணம் கிடைக்கும் என்றார். அவரை நம்பித்தான் அவர்கள் அதில் இருந்தார்கள். ஊர் நம்பிக்கை ஆய்வுக்குப் பெரிய பலம் என்று நம் ஊர்த் திட்ட அறிக்கைகள் பெருமையாக எழுதுகின்றன. அந்தப் பலத்தை வைத்து மக்களை எதற்கும் தலையாட்ட வைத்துவிடலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனி வாசலுக்கு வருவோம்.

"நீ சொன்னா சரிதாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?" பேச்சு தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டால் அங்கே ஒப்புதல் நடக்கவில்லை. பழகிய முகத்துக்குத் தரும் மரியாதை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி இல்லாதவர் பேனாவை நீட்டிவிடுவார். பயிற்சி பெற்றவர், "இருங்க மாமா, இது கவர்மெண்டு திட்டம் இல்லை. சேர்ந்தாத்தான் ஏதாவது கிடைக்கும்னு நினைச்சுப் போடாதீங்க. முழுசாக் கேளுங்க, அப்புறமாப் பார்க்கலாம்" என்பார். இப்படிப் பேசுவது இயல்பாக வந்துவிடாது. வாயில் வரும்வரை சொல்லிப் பழக வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர் கேட்டால் சத்துமாவு வாங்கும் தாய் மறுப்பாரா? குழுத் தலைவி கேட்டால் அடுத்த மாதம் கடனுக்கு நிற்கப்போகிற உறுப்பினர் மறுப்பாரா? இதை நற்குணத்தாலோ புன்னகையாலோ சரிசெய்ய முடியாது, வேலையைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். ஊர்க்காரர் வீட்டைக் காட்டி அறிமுகம் செய்து வைக்கட்டும். ஒப்புதல் பேசுவது அந்தக் குடும்பத்தின் மீது எந்த அதிகாரமும் இல்லாத வேறொருவராக இருக்கட்டும். அதே ஊராட்சிக்காரராக இருக்கலாம், ஆனால் சொந்தத் தெருவும் சொந்தக்காரர் வீடும் வேண்டாம். ரத்தமோ மருந்தோ சம்பந்தப்பட்ட ஆய்வென்றால் அன்றே கையெழுத்து வாங்காமல், தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வருவது நல்லது. ஊர்த்தலைவரோ நாட்டாமையோ சம்மதித்தால் ஊருக்குள் போகலாம். அவர் சம்மதம் எந்தத் தனி மனிதருடைய சம்மதத்துக்கும் ஈடாகாது. வழிகாட்டுதல்களில் இது தெளிவாகவே இருக்கிறது. களத்தில் "தலைவர் சொல்லிட்டார்" என்ற ஒரு வாக்கியம் இதை அழித்துவிடுகிறது.

அடுத்தது சொற்கள். இதை ஆங்கிலப் பாடம் எதுவும் சொல்லித் தராது, ஏனென்றால் சிக்கலே தமிழில்தான் இருக்கிறது. 'பரிசோதனை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனையும் பரிசோதனைதான், எலியை வைத்துச் செய்வதும் பரிசோதனைதான். "உங்களுக்கு ஒரு பரிசோதனை செய்வோம்" என்றால் ஒருவர் இலவச டெஸ்ட் என்று மகிழ்வார், மற்றொருவர் கதவைச் சாத்துவார். இரண்டு பேருமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆய்வு என்றால் ஆய்வு என்றும், ரத்தம் எடுத்துப் பார்ப்பதை ரத்த டெஸ்ட் என்றும் தனித்தனியே சொல்ல வேண்டும். 'போலி மருந்து' என்று எழுதிய படிவங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போலி என்றாலே கலப்படம், மோசடி என்றுதான் காதில் விழும். 'மருந்துச் சத்து எதுவும் இல்லாத, பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற மாத்திரை' என்பது நீளமாக இருந்தாலும் உண்மையாக இருக்கிறது. யாருக்கு எந்த மாத்திரை என்று குலுக்கிப் பிரிப்பதைச் 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு' என்று எழுதினால் வாசிக்கிறவருக்கே புரியாது. குலுக்கல் சீட்டு எல்லோருக்கும் தெரியும். ஆனால் குலுக்கலில் பரிசு விழும் என்ற நினைப்பும் கூடவே வரும். அதனால், "எந்தச் சீட்டு விழுந்தாலும் அது பரிசு இல்லை. எந்த மாத்திரை நல்லதுன்னு டாக்டருக்கே இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். "ரகசியமா வெச்சுக்குவோம்" என்றால் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். "உங்க பேரு வேற யாருக்கும் தெரியாது, தாள்ல நம்பர் மட்டும்தான் இருக்கும்" என்பது போதும். 5 மில்லி ரத்தம் என்பதைவிட ஒரு டீஸ்பூன் அளவு என்றால் பயம் குறையும். ஆனால் ஆறு முறை எடுக்கப்போகிறோம் என்றால் அந்த ஆறையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். முதல் முறையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை நழுவவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மூன்றாவது முறை ஊசியோடு போகும்போது ஊரில், "ரத்தத்தை விற்கிறாங்க" என்ற பேச்சு கிளம்புவது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆய்வு வேறு, வைத்தியம் வேறு. வெள்ளைச் சட்டையும் இயந்திரமும் வந்துவிட்டால் தனக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்றே நம் மக்கள் நினைப்பார்கள். உதவியாளரும் நல்லெண்ணத்தில், "உங்களுக்கு நல்லதுதான் அக்கா" என்று சேர்த்துக்கொள்வார். படிவத்தில் இல்லாத இந்த மூன்று சொற்கள் படிவத்தின் ஆறு பக்கங்களையும் வீணாக்கிவிடும்.

புரிந்ததா என்று கேட்டால் "புரிஞ்சுது" என்பதுதான் பதிலாக வரும். மரியாதை தெரிந்த யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும். எதற்காக இந்த ஆய்வு, தன்னை என்ன செய்வார்கள், எத்தனை முறை, இது வைத்தியமா இல்லையா, பாதியில் நின்றுகொள்ளலாமா, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்தப் பதிலில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வராததை மறுபடி சொல்லி மறுபடி கேட்க வேண்டும். இரண்டாவது முறையும் வராவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம்.

இடம் சார்ந்த சிக்கல்களையும் சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தால் மாமியார் பதில் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் திருத்துவார், பிள்ளைகள் டேப்லட்டை எட்டிப் பார்ப்பார்கள். வருமானம் கேட்கும்போதே பொய் தொடங்கிவிடும். குடும்ப வன்முறை பற்றிய ஆய்வில் இது உயிர் ஆபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும், அதுவும் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறது. ஊரில் அந்த ஆய்வைப் பெண்கள் நலம் பற்றியது என்றே சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது கணவர் உள்ளே வந்தால் சட்டென்று தாவ ஒரு மாற்றுத் தாள் கையில் இருக்க வேண்டும். காய்கறி சாப்பிடுவது பற்றிய நாலு கேள்வி போதும். குரல் மாறாமல் அதற்குத் தாவுவதைப் பயிற்சியில் பத்து முறையாவது செய்து பார்க்க வேண்டும். காசநோய், எச்.ஐ.வி. ஆய்வுகளில் வேறு விதமான கவனம் வேண்டும். பெயர் எழுதிய ஜீப் வீட்டு வாசலில் நின்றாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வண்டி தெருமுனையில் நிற்கட்டும், அடையாள அட்டையில் நோயின் பெயர் இருக்க வேண்டாம், சளி டப்பாவை வெறும் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இது தெரியாமல் "அவங்க வீட்டுக்கும் போயிட்டு வந்தேன்" என்று அடுத்த வீட்டில் சொல்பவர் பேச்சுவாக்கில் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

இப்போது பெரிய ஓட்டை கைப்பேசிதான். கையெழுத்துப் போட்ட படிவத்தைப் படமெடுத்து, அன்றைய வேலைக்கு ஆதாரமாக வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். முப்பது பேர் இருக்கும் குழுவில் பெயர், முகவரி, நோய் எல்லாம் போய்விடுகின்றன. இந்தப் பழக்கத்தை உதவியாளர் தொடங்கவில்லை, மேற்பார்வையாளர் கேட்கிறார். எனவே இந்தப் பாடத்தின் முதல் மாணவர் மேற்பார்வையாளர்தான். சில புதிய மருந்துச் சோதனைகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதைப் படமும் குரலுமாகப் பதிவு செய்ய 2019 விதிகள் சொல்கின்றன. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்குக் குரல் பதிவு மட்டும் போதும். அந்தப் பதிவு எதுவும் உதவியாளரின் சொந்தப் போனில் தங்கக் கூடாது.

தாள் விஷயத்தில் நடக்கும் தவறுகள் சிறியவைதான், ஆனால் ஒரே மாதிரி நடந்துகொண்டே இருக்கும். தேதியைக் கையெழுத்துப் போடுகிறவரே எழுத வேண்டும். உதவியாளர் ஒரே பேனாவில் இருபது படிவத்துக்கும் சேர்த்து எழுதுவதைத் தணிக்கைக்கு வருகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். தவறாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். ஒயிட்னர் பாட்டில் களப்பையில் இருக்கவே கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும். அவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். போகிற வழியில் டீக்கடையில் நின்றவரை அழைத்துக் கையெழுத்து வாங்கினால் அது சாட்சி ஆகாது. கூட வந்த இன்னொரு களப்பணியாளரும் சாட்சி ஆக முடியாது. கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க ஊரில் கடை இல்லை என்றால் முதலிலேயே இரண்டு படிவமாகக் கொண்டு போவதுதான் வழி.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு நிற்காது. 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் சம்மதம் வேண்டும். "அம்மா சரின்னுட்டாங்க, கையை நீட்டு" என்பது சம்மதம் ஆகாது.

பணத்துக்கு வருவோம். பல தவறுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆள் சேர்த்தால் ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், 'வேண்டாம்' என்ற ஒவ்வொரு பதிலும் உதவியாளருக்கு நஷ்டம். பிறகு அவர் கெஞ்சுவார், மூன்றாவது முறை போவார், நான்காவது முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார். கூலியை நாள் கணக்கில் கொடுங்கள். வீட்டுக் கணக்கில் கொடுப்பதானால், மறுத்த வீட்டுக்கும் பூட்டியிருந்த வீட்டுக்கும் அதே தொகை கொடுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று முறைக்கு மேல் போகக் கூடாது என்று எழுத்தில் வையுங்கள். ஆய்வில் பங்கேற்பவருக்குப் பஸ் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம். வாய்க்கு ருசியாக ஒரு தொகையைக் காட்டி இழுக்கக் கூடாது. எது ஈடு, எது ஆசை காட்டல் என்ற கோட்டை உதவியாளரே தீர்மானிக்க விடாமல், தொகையைப் படிவத்திலேயே அச்சடித்துவிட வேண்டும்.

வீட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள் என்று களப்பணியாளர்கள் மீது அடிக்கடி பழி வரும். நடப்பது உண்மைதான். ரத்த அழுத்த எண்கள் எல்லாம் 120, 130 என்று பூஜ்யத்தில் முடிந்தாலோ, ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரண்டு முறை அளக்க வேண்டிய வீட்டில் மொத்தமே நான்கு நிமிடம் ஆகியிருந்தாலோ சந்தேகப்படலாம். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் போய்ச் சரிபார்த்தால் பிடித்தும் விடலாம். ஆனால் பிடிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 40 நிமிடம் ஆகும் கேள்வித்தாளைக் கொடுத்து நாளைக்கு 15 வீடு என்றால் அது பத்து மணி நேரம். நடப்பதும், காத்திருப்பதும், நாய்க்குப் பயந்து சுற்றிப் போவதும் தனி. இலக்கே பொய்யாக இருந்தால் நிரப்பிய தாளும் பொய்யாகத்தான் இருக்கும். இதையும் நெறிமுறைப் பாடத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். "முடியவில்லை" என்று மேலே சொல்லவும், அதைக் கேட்டுக்கொள்ளவும் இரு தரப்பும் பழக வேண்டும்.

பங்கேற்றவருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி முதலில் உதவியாளர் காதில்தான் விழும், பெரும்பாலும் தண்ணீர்க் குழாயடியில். "அது ஊசியால இருக்காது" என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. கேட்ட நாளிலேயே மேலே சொல்வதுதான் அவர் வேலை. மருந்துச் சோதனைகளில் கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உதவியாளர் இரண்டு நாள் தாமதித்தால் அந்தக் கடிகாரமே தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். சோதனையால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சை பங்கேற்றவரின் உரிமை. இதை அறியாமல் "ஜி.எச்.ல போய்க் காட்டுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கணக்கெடுப்பில் மேல் ரத்த அழுத்தம் 180ஐத் தாண்டியவரை யார், எந்த வண்டியில், எங்கே கொண்டு போவது என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும். மனநலக் கேள்விகளில் ஒருவர் சாவதைப் பற்றிப் பேசிவிட்டால், அடுத்த கேள்விக்குப் போகாமல் பேனாவை வைத்துவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் அங்கிருந்தே அழைத்துப் பேச வைக்க வேண்டும், அதே இடத்திலிருந்து மேற்பார்வையாளருக்கும் தகவல் சொல்ல வேண்டும். அன்று இரவு உதவியாளருக்கே தூக்கம் வராது. அவரோடு பேசவும் ஒரு ஆள் வேண்டும். இதற்குத் திட்டச் செலவில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

சரி, பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? இரண்டு முழு நாள் போதும். ஒரு தொகுதிக்கு 18 பேர், பயிற்றுநர் இருவர், தமிழ் மட்டும், அதுவும் அந்த வட்டாரத்துப் பேச்சுத் தமிழ். படக்காட்சியைத் தவிர்க்கலாம். முதல் நாள் காலை ஒப்புதல் தாளை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் நேரம் பார்க்கட்டும். ஆறு பக்கத் தாள் என்றால் 15 நிமிடத்துக்குக் குறையாது. எந்த வரியில் கேட்கிறவர் கவனம் போகிறது, எந்தச் சொல் ஊரில் புழங்காது என்று அவர்களே கோடு போடட்டும். அந்தத் திருத்தங்கள் நெறிமுறைக் குழுவுக்குத் திரும்பிப் போக வேண்டும். குழு ஒப்புக்கொள்ளாமல் தாளில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பதும் பாடம்தான். மதியத்திலிருந்து மும்மூன்று பேராகப் பிரிந்து நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் உதவியாளர், ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் குறிப்பெடுப்பவர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு சீட்டு. அதில் 'மாமியார்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்', 'உரிமைத் தொகை வருமா என்று கேள்', 'பாதியில் எழுந்துவிடு', 'ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டு' என்பது போல எழுதியிருக்கும். மூன்றில் ஒரு சீட்டாவது மறுப்பில் முடிய வேண்டும். "சரிங்க அக்கா, பரவாயில்லை, இதனால உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு, முகம் மாறாமல் எழுந்து வரத் தெரிந்தவரே தேர்ச்சி பெற்றவர். இரண்டாம் நாளில் தனிமை, தாள், போன், உடல்நலக் குறைவு ஆகியவற்றோடு உதவியாளரின் சொந்தப் பாதுகாப்பையும் பேச வேண்டும். இருட்டிய பிறகு போவதில்லை, புதிய இடத்துக்கு இருவராகப் போவது என்பதெல்லாம் அதில் அடங்கும். பயிற்சி நாட்களுக்கும் கூலி உண்டு.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இதற்கு உதவாது. முதல் ஐந்து ஒப்புதல்களை மேற்பார்வையாளர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன்பின் பத்தில் ஒன்று. மூன்று மாதம் கழித்து அரை நாள் மறுபயிற்சி. நூறு வீட்டுக்குப் போய் நூறு சம்மதத்தோடு வருகிறவருக்குக் கூட்டத்தில் சால்வை போர்த்துகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. எங்களைக் கேட்டால், அவருடைய நூறு வீடுகளில்தான் முதலில் போய் விசாரிக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்தால் ஊர்க்காரரும் அதிகாரி மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவார், அந்த நெருக்கம் போய்விடும் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பாடத்தை ஒப்பிப்பது போலப் பேசுகிறவர்களையும் பார்க்கலாம். அது பயிற்சி அதிகமானதால் வந்த கோளாறில்லை, எழுத்துத் தமிழில் பயிற்சி கொடுத்ததால் வந்தது. செலவாகும் என்பது இன்னொரு வாதம். 18 பேருக்கு இரண்டு நாள் கூலியும் சாப்பாடும் பஸ் செலவும், ஆய்வுக்கு வாங்கும் டேப்லட்டுகளின் விலைக்குப் பக்கத்தில் வராது.

நெறிமுறைக் குழுக்களிடம் கேட்பது அதிகமில்லை. விண்ணப்பத்தோடு களப்பணியாளர் பயிற்சித் திட்டத்தையும், அவர்களுக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வு நடக்கும்போது வரும் அறிக்கையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்றும் உதவியாளர் வாரியாகக் கேளுங்கள். குழுவில் இருக்கும் அந்தச் சாதாரணக் குடிமகன் ஆண்டுக்கு ஒரு நாள் களத்துக்குப் போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒப்புதல் தாளின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேகம் இருந்தால் தொடர்புகொள்ள' என்று போட்டிருக்கும் எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுத்தால் தமிழில் பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சமூக ஆய்வுக் களப்பணியாளர் பயிற்றுநர்கள்
சென்னை